வாசலில் அடுப்பு வைத்த மெட்டில்டாக்கா

என் வீட்டுக்குள் நுழைகிறவன் முதலில் பார்ப்பது என் அடுப்பை. அடுத்தபடியாகப் பார்ப்பது அதில் என்ன வேகிறது என்பதை. பதினெட்டு வருஷமாக இதுதான் நிலைமை. குழம்பு கொஞ்சமாக வைத்த நாளில்தான் விருந்தாளி வருவான். வந்ததும் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, உட்காரலாமா கிளம்பலாமா என்று முடிவு செய்வான். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கருவாட்டுப் புகையில் இருமிக்கொண்டே உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு லட்சணமா இருக்கா" என்றார். அவர் பார்த்தது என் மகளை இல்லை, அடுப்பு ஊதிக்கொண்டிருந்த என் மனைவி மோலியை.

நான் கொத்தனார். மைசூரில் நூறு வீடாவது கட்டியிருப்பேன். அவற்றில் எதிலாவது வாசற்படியை ஒட்டி அடுப்பு வைத்திருக்கிறேனா என்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். என் சொந்த வீட்டில் மட்டும் அப்படி இருக்கிறது. காரணம் மெட்டில்டாக்கா. இதை அவள் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்கா பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. டாக்டரம்மா கைகழுவி முடிப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் அக்கா கையில் விழுந்துவிடும். புருஷன் சீக்கிரமே போய்விட்டார். எலியேசர் என்று ஒரே மகன். மண்டி மொஹல்லாவில் ஒரு முற்றத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு குடித்தனம் இருக்கும் வடாரங்களில்தான் காலம் தள்ளினாள். மூன்று தடவை சட்டி பெட்டியோடு வெளியேற்றப்பட்டாள். முதல் தடவை கருவாடு வறுத்ததற்காக. இரண்டாம் தடவை புருஷன் செத்ததற்காக. சாவு விழுந்த அறையை உடனே காலி செய்தால்தான் தோஷம் கழியும் என்று வீட்டுக்காரர் சொன்னார். மூன்றாம் தடவை வேறொரு வீட்டுக்காரரின் மருமகளுக்கு நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததற்காக. பிரசவம் பார்த்தது அக்கா என்பதால் பழி அவள் தலையில் விழுந்தது.

அன்றைக்குத் தெருவில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவளிடம் எங்கள் சர்ச்சைச் சேர்ந்த வாத்தியார் ஒருவர் ஆறுதல் சொல்லப் போனார். பேச்சுவாக்கில், கூட்டுறவுச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, நாலு பேர் சேர்ந்து பதிவு செய்தால் வீடு கட்ட மனை கிடைக்கும் என்று சொல்லிவைத்தார். அதோடு அவர் நிம்மதி போயிற்று. அக்கா அவரைப் பள்ளிக்கூட வாசலிலும் சர்ச் வாசலிலும் மடக்கி மடக்கி விவரம் கேட்டாள். கடைசியில் மனுவை எழுதியதும் அவர்தான், முதல் உறுப்பினரும் அவர்தான்.

மற்றவர்களை அக்கா பிரசவ வார்டு வாசலிலேயே பிடித்தாள். பிள்ளை பிறந்த நிமிஷத்தில் தகப்பன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவான் என்பது அவள் கண்டுபிடிப்பு. என் மகள் பிறந்த அன்று நான் போட்டேன். கொள்ளேகால் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கரியப்பன், இரட்டைப் பிள்ளை பிறந்த அன்று இரண்டு இடத்தில் பெருவிரல் வைத்தான். இப்படியாகப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்தோம். ஆறு எங்கள் சர்ச்சைச் சேர்ந்தவை, ஆறு கொள்ளேகால் குடும்பங்கள். எல்லோரும் ஒருமுறையாவது வீட்டுக்காரன் வாயால் 'எழுந்து போ' என்ற சொல்லைக் கேட்டவர்கள். அந்தச் சொல்லை இனி யாரும் எங்களைப் பார்த்துச் சொல்லக் கூடாது. அதுதான் சங்கம்.

நஜர்பாத்துக்குக் கிழக்கே, மலையைப் பார்த்த ஒரு மேட்டில் மனை கிடைத்தது. கூடவே முத்திரை குத்திய வரைபடம் ஒன்றும் வந்தது. நடுவே கிழக்கு மேற்காக ஒரு தெரு. தெருவுக்கு வடக்கே ஆறு வீடு, தெற்கே ஆறு வீடு. எல்லா வீட்டுக்கும் வாசல் தெருவைப் பார்த்து இருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் இந்தப் படத்தில் உள்ளபடி கட்டி முடிக்காவிட்டால் மனை திரும்பப் போய்விடும். அதற்கப்புறம் பன்னிரண்டு குடும்பமும் மறுபடி வடாரத்து முற்றம்தான்.

கட்டுகிற வேலையும் எங்களுடையதே. ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் சர்ச்சுக்குப் போயிருக்கும்போது கொள்ளேகால்காரர்கள் மண் மிதிப்பார்கள். அவர்கள் மாதேஸ்வரன் மலைக்குப் போகிற நாளில் நாங்கள் செங்கல் அறுப்போம். கரணை பிடிக்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் எனக்கு எந்தச் சாமி பேரிலும் லீவு இல்லை.

யாருக்கு எந்த வரிசை என்று பேசத்தான் ஒரு மாலை கூடினோம். தெற்கு வரிசை வீடுகளுக்கு வாசல் வடக்கே பார்க்கும். அதில் வில்லங்கம் இல்லை. வடக்கு வரிசைக்கு வாசல் தெற்கே பார்க்கும். தெற்கு எமனுடைய திசை.

கரியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான். "தெக்கே பாத்த வாசல்ல எங்க பொம்பளைங்க காலு வெக்க மாட்டாங்கோ. நீங்க வேதக்காரங்க. உங்களுக்கு எமன் கெடையாதுங்களே? அந்த வரிசையை நீங்க எடுத்துக்கிட்டா ஆவாதுங்களா?"

எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வாத்தியார் எழுந்து, "திசையெல்லாம் கர்த்தர் உண்டாக்கினதுதான். எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார். நாங்கள் ஆமென் சொன்னோம். அக்காவும் சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். மறுநாள் அவளை நஞ்சன்கூடு பக்கம் காய்ச்சல் முகாமுக்கு மூன்று மாதத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் வண்டி ஏறிய மூன்றாம் நாள் வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இஸ்ரவேல், என் வீட்டு வாசலைப் பின்னாடி, வடக்கே வெச்சிடு. எமனும் கிமனும் இல்லப்பா. படிக்கிறதுக்கு வடக்கு வெளிச்சம் கண்ணுக்கு நல்லது. யார்கிட்டயும் சொல்லாதே." அடுத்த நாள் சமையல்காரர் ஒருவர் வந்தார். தெருப் புழுதி அவருக்கு ஆகாதாம். அதற்கடுத்தவருக்குப் பின்பக்கத்து ராகி வயலைப் பார்த்தால்தான் ஜெபம் வருமாம். நான்காமவர் காரணமே சொல்லவில்லை, ஒரு கட்டுப் புகையிலையைக் கையில் வைத்து அழுத்தினார். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் இப்படிக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவதாகக் கேட்டது என் வீட்டிலேயே. "நாலு வீட்டுக்கு வடக்கே வெச்சிட்டு நம்ம வீட்டை மட்டும் எமன்கிட்ட நீட்டுறீங்களா?" என்று மோலி ஒரு நாள் முழுக்கச் சோறு போடவில்லை. அதையும் திருப்பினேன். மிச்சம் இருந்தது மெட்டில்டாக்காவுடையது. அவள் ஊரில் இல்லை, கேட்கவும் இல்லை. அதனால் படத்தில் உள்ளபடியே கட்டினேன்.

வாசல் பின்னால் போனால் சமையலறை முன்னால் வந்துதானே ஆக வேண்டும்? ஐந்து வீட்டு அடுப்பும் தெருப் பக்கம் வந்துவிட்டது. கரியப்பன் ஒரு நாள் வண்டியை நிறுத்தி நிதானமாகப் பார்த்தான்.

"ஏனுங் மேஸ்திரி, உங்க வரிசை எங்களைப் பாத்து முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குதே?"

"காத்துக்கு" என்றேன்.

"காத்துங்களா! நானு எருமை மேல வர்றவரைத்தான் நெனச்சேன்" என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். தெரு முனை திரும்பும்வரை அவன் சிரிப்புக் கேட்டது.

அக்கா திரும்பி வந்தபோது ஓடு ஏறி, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. மனை கொடுத்த ஆபீஸ் அனுப்பிய ஒரு கடிதத்தோடு வந்தாள். எட்டு நாளில் ஓவர்சீயர் வந்து பார்ப்பார், படத்தில் உள்ளபடி இருந்தால் அனுமதி, இல்லாவிட்டால் இல்லை என்று அதில் இருந்தது. வடக்கு வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்துக்கொண்டே நடந்தாள். ஐந்து புறக்கடை, ஒரு வாசல். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எல்லோரையும் தெருவில் கூட்டிவிட்டாள். கொள்ளேகால்காரர்கள் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"படத்துல உள்ளபடி இல்லேன்னா பன்னண்டு வீடும் போச்சு. எட்டு நாள்ல முன்கதவை நிலையோட பேத்து இந்தப் பக்கம் வைக்கணும், பின்கதவை அந்தப் பக்கம் வைக்கணும்" என்றாள் அக்கா. "வேண்டாம்னு சொல்றவங்க சொல்லலாம். ஒரே ஒரு கேள்விதான். இந்த வரிசையில தெக்கு வாசலுக்குப் பயப்படுறது யாரு? கையைத் தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை. எப்படித் தூக்குவது? எதிரே ஆறு குடும்பம் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. வாத்தியார் வானத்தைப் பார்த்தார்.

"பயமில்லேன்னா சரி. இஸ்ரவேலு, கடப்பாரையை எடுத்துட்டு வாடா."

"அடுப்பு?" என்றேன். "அடுப்பும் புகைபோக்கியும் இந்தப் பக்கமில்ல இருக்கு?"

"கதவை மாத்தவே எட்டு நாள் பத்தாது. அடுப்பை அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' இன்றுவரை வரவில்லை.

கொள்ளேகால்காரர்கள் கூலி கேட்காமல், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து உதவினார்கள். அப்படிப்பட்ட வேடிக்கை அவர்களுக்குத் தசராவில்கூடக் கிடைத்ததில்லை. முதலில் வாத்தியார் வீட்டு நிலையைப் பெயர்த்தோம். அடியில் மஞ்சள் துணியில் முடிந்த நவதானியமும் ஒரு செப்புக் காசும் இருந்தன. அக்கா அதைக் குனிந்து எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள்.

"வாத்தியாரே, இது பைபிள்ல எந்த சங்கீதத்துல வருது?"

வாத்தியார் தன் சம்சாரத்தைப் பார்த்தார். சம்சாரம் வாத்தியாரைப் பார்த்தாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் வீட்டு நிலையைப் பெயர்க்கிறவரை சிரித்தேன். அதன் அடியில் எலுமிச்சம்பழமும் சேர்ந்து இருந்தது. மோலி அன்று முழுக்க ராகி வயல் பக்கமே நின்றாள்.

எட்டாம் நாள் காலையில்தான் கடைசி நிலைக்குச் சுண்ணாம்பு பூசினேன். பத்து மணிக்கு ஓவர்சீயர் நஞ்சுண்டசாமி சைக்கிளில் வந்து இறங்கினார். ஜரிகைத் தலைப்பாகை, நெற்றியில் விபூதி, முகத்தில் ஒன்றும் தெரியாது. படத்தை விரித்தார், கதவுகளை எண்ணினார். பன்னிரண்டும் தெருவைப் பார்த்து நின்றன. தலையாட்டிவிட்டு, முதல் வீடாக இருந்த என் வீட்டுக்குள் காலை வைத்தார். வைத்த கால் மோலி களி கிண்டிக்கொண்டிருந்த பானைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"இதேனம்மா இது?" என்றார் அக்காவிடம், கன்னடம் பாதி தமிழ் பாதியாக. "பாகிலு தெறந்தா ஒலெ? வாசல்லயா அடுப்பு வெப்பாங்க?"

 அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"பிளேக்குக்கு சாமி. பிளேக் எதால வருது? எலியால. எலிக்கு ஆகாதது புகை. புகை வாசல்லயே நின்னா எலி தெருவோட போயிடும். நான் இருபது வருஷமா ஆஸ்பத்திரியில இருக்கேன், பாத்ததைத்தான் சொல்றேன்."

இருபது வருஷத்தில் அவள் பார்த்தது பிரசவம்தான். ஆனால் பிளேக் என்றால் மைசூரில் எந்த அதிகாரியும் நின்று கேட்பான். அவர் ம்ம் என்றார். புது நிலையின் ஓரத்தைப் பெருவிரல் நகத்தால் லேசாகக் கீறினார். நகத்தில் சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி வந்தது. அதைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மேஸ்திரி, கட்டி எத்தனை மாசம் ஆச்சு?"

"ஆறு மாசம் சாமி."

"மழை ஜாஸ்தியோ?"

நான் பதில் சொல்வதற்குள் பின்பக்கம் போய்விட்டார். அங்கே குட்டையான பின்கதவு. அதற்கு முன்னால் செதுக்கிய மூன்று கல்படி, மேலே நான் ஆசையாக வைத்த வளைவு, வளைவில் ஒரு சிலுவை.

"குப்பை கொட்டற வாசலுக்கா இத்தனை மரியாதை?"

"குப்பை கொட்டப் போறவளும் மனுஷிதானே சாமி" என்றாள் அக்கா.

அவர் மற்ற வீடுகளுக்குள்ளும் ஒவ்வொன்றாகப் போனார். நாலு வாசலில் நாலு அடுப்பைத் தாண்டினார். அக்கா வீட்டுக்குள் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து காப்பி குடித்தார். கிளம்பும்போது அங்கேயும் நிலையைக் கீறிப் பார்த்தார். காய்ந்து கல்லாக இருந்தது. அப்புறம் தெரு நடுவில் நின்று, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார். பன்னிரண்டு வீடும் படத்தில் உள்ளபடி இருக்கின்றன. அனுமதி கொடுக்கலாம். வடக்கு வரிசையில் ஐந்து வீடுகளில் வாசலில் அடுப்பு வைத்திருப்பது பிளேக்கைத் தடுக்க மெச்சத்தக்க ஏற்பாடு.

பென்சிலை எச்சில் தொட்டுக்கொண்டு இன்னொரு வரி சேர்த்தார். "இந்த அடுப்புகளை இடம் மாற்றக் கூடாது. மாற்றினால் அனுமதி ரத்து. வருஷா வருஷம் நானே வந்து பார்ப்பேன்."

சைக்கிள் ஏறுகிறவரை அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏறிய பிறகு முதுகு குலுங்கியது. ரோடு மேடு பள்ளம் என்று வாத்தியார் சொன்னார்.

சொன்ன சொல் தவறாமல் பென்ஷன் வாங்குகிறவரை வந்தார். ஐந்து வீட்டுச் சட்டியையும் எட்டிப் பார்த்து, எலி உண்டா என்று விசாரித்து, அக்கா வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போவார். அவர் போன பிறகும் அந்த வரி காகிதத்தில் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி மனு போட்டால் முதலிலிருந்து எல்லாம் கிளறப்படும், வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

"உன் வீட்டு அடுப்பு மட்டும் மகாராணி மாதிரி உள்ளே இருக்கே அக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"வாசலை ஒழுங்கா வெச்ச வீடுடா அது. நீதானே கட்டினே? நல்லா கட்டியிருக்கே."

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் அடுப்பு எரியாத வீடு தெருவிலிருந்தே தெரியும். யுத்தம் நடந்த வருஷங்களில் அரிசிக்கும் ராகிக்கும் அலைந்தபோது, டியூட்டிக்குப் போகும் வழியில் அக்கா ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். கொஞ்ச நேரத்தில் எந்த வீட்டிலிருந்தாவது ஒரு மூடிய பாத்திரம் வரும். எங்கள் வீட்டுக்கும் இரண்டு தடவை வந்தது. இதை நான் அடுப்புக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. நடந்தது, சொல்கிறேன்.

போன வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுத்துக்கொண்டு, போர்வை மடிக்கத் தெரியவில்லை என்று நர்ஸுகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். கோலார் தங்கச் சுரங்கத்து ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் எலியேசர் வந்திருந்தான். சாயங்காலம் நான் போனபோது கட்டில் அருகில் நின்று ஏதோ வழக்குப் பேசிக்கொண்டிருந்தான்.

"நீங்களே சொல்லுங்க மாமா" என்றான் என்னைப் பார்த்து. "நான் கோலாரை விட்டு வர முடியாது. ஒரு மர வியாபாரி சரக்கு அடுக்கக் கிட்டங்கியா வெச்சுக்கிறேன்னு வீட்டைக் கேக்குறார். பூட்டிக் கிடக்கிறதுக்கு அது மேல் இல்லையா? எங்க வீடுதானே?"

"சங்கத்துல குடியிருக்கிறவங்களுக்குத்தான் வீடு" என்றாள் அக்கா. "வேற ஆளை வெச்சு வாடகை வாங்குறவனுக்கு இல்லே. அந்த விதியை எழுதினப்போ நீ என் மடியில தூங்கிட்டிருந்தே. நீ இங்க வந்து இருக்கிறியா? இரு, வீடு உன்னது. வர மாட்டே. அப்போ வரிசையில அடுத்த ஆளுக்குப் போகுது. பாப்பாயிக்கு."

பாப்பாயி ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவள். புருஷன் இல்லை, மூன்று பெண் பிள்ளைகள். ஏழு வருஷமாக எங்கள் சங்கத்துக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. அந்த வாரம்தான் வடாரத்தில் அவளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, நீ திரும்பி வந்தா எங்க இருப்பே?" என்றான் எலியேசர். அழ ஆரம்பித்துவிட்டான்.

"நான் திரும்பி வரமாட்டேன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அந்த டாக்டருக்கு மட்டும்தான் தெரியாது. மூஞ்சியைத் துடைடா."

அவன் துடைத்துக்கொண்டான். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த ஜன்னல் சுவரோடு மட்டமாக இல்லை, எவன் வைத்தானோ.

"இஸ்ரவேலு" என்றாள். தலையணைக்கு அடியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள். "இதைக் கொண்டுபோய் இன்னைக்கே பாப்பாயி கையில குடு. நான் கண்ணை மூடுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அவ சாமான் முற்றத்துல கிடக்கு. அவ சாமான் தூக்கக் கூலிக்கு ஆள் வைக்காதே. இவனைக் கூட்டிட்டுப் போ. துணி மூட்டையையும் அம்மிக்கல்லையும் இவன் தலையில ஏத்து. நாற்காலியில உக்காந்து உக்காந்து முதுகு கூனிப்போச்சு, கொஞ்சம் நிமிரட்டும்."